நியூரோபெப்டைடுக்குப் பேரேடு எழுதும் முறை

காரைக்குடியில் உயிர்வேதியியல் கற்பிக்கும் எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் காலங்களில் ஒரே வகையான விடைகள் மீண்டும் மீண்டும் வந்து சேரும். நரம்புச் செல்கள் செய்திக்காக வெளியிடும் சிறு புரதத் துண்டுகளே நியூரோபெப்டைடுகள். அவற்றைப் பற்றிக் கேட்டால், சப்ஸ்டன்ஸ் பி வலியின் வேதிப்பொருள், ஆக்ஸிடோசின் பாசத்தின் வேதிப்பொருள், நியூரோபெப்டைடு ஒய் பசியின் வேதிப்பொருள் என்று எழுதி, அடியில் கோடும் இட்டிருப்பார்கள். அந்த விடைகளுக்குக் காரணம் என் கற்பித்தல்தான் என்பதை உணரச் சில ஆண்டுகள் ஆயின. பெப்டைடின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, எதிரே ஒரு பணியை எழுதி, இரண்டுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டியவன் நானே. அந்த ஓர் அம்புக்குறிக்குள், பெப்டைடைப் பிடிக்கும் ஏற்பி, அதன் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம், நொதி, அயனி வாய்க்கால், செல்லின் இயல்பு ஆகிய அனைத்தும் புதைந்து போயின. அவற்றை வெளியே எடுத்து வரிசையாக எழுத நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையே இங்கே விளக்குகிறேன். இளநிலை உயிரியல் படித்த எவரும் ஒரு நீளக் குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு இதைச் செய்யலாம்.

முறையின் அடிப்படை எங்கள் ஊரிலேயே கிடைத்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய நகரத்தார் எழுதிக்கொடுத்த உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு, பார்வைக்கு ஒரு துண்டுத் தாள்தான். அதில் பணம் இல்லை. அதைக் கொண்டுபோய் நீட்டுமிடத்தில் உள்ள கடை அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றபின் எண்ணிக் கொடுக்கும் பணம் அந்தக் கடையின் கையிருப்பிலிருந்தே வர வேண்டும். நியூரோபெப்டைடும் அத்தகைய தாள்தான். அது செல்லின் வெளிப்புறத்தில் நின்று ஏற்பியிடம் தன்னைக் காட்டுகிறது. அதற்குப் பிறகு நடப்பவை அனைத்தும் அந்தச் செல் முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கும் நொதிகளாலும் அயனிகளாலும் நடப்பவை. ஒரே தாளுக்கு ஒரு கடை பணமும் இன்னொரு கடை நெல்லும் அளந்து தந்தால், அந்த வேறுபாட்டுக்குத் தாளைக் காரணம் சொல்ல முடியாது. ஆகவே பேரேட்டில் பெப்டைடின் பெயரில் கணக்குத் திறக்கக் கூடாது. ஏற்பியின் பெயரையும் அதைத் தாங்கி நிற்கும் செல்லின் பெயரையும் சேர்த்துத் தலைப்பாக எழுதித் திறக்க வேண்டும்.

பக்கத்தைத் திறப்பது

குறிப்பேட்டை விரித்தால் எதிரெதிரே இரண்டு பக்கங்கள் கிடைக்கும். இடப்பக்கம் வரவு: எந்தப் பெப்டைடு வந்தது, எந்தச் செல்லிலிருந்து வந்தது, எவ்வளவு செறிவில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பவை அங்கே இடம்பெறும். வலப்பக்கம் பற்று: அந்த வரவுக்கு ஈடாகச் செல் எதைச் செலவிட்டது, எந்த வாய்க்காலைத் திறந்தது அல்லது மூடியது, முடிவில் என்ன செய்தது என்பவை அங்கே வரும். இரண்டு பக்கங்களுக்கும் மேலே, எடுத்துக்காட்டாக, “என்கே1 ஏற்பி, தண்டுவடப் பின்கொம்பின் நரம்புச் செல்” என்று தலைப்பு இருக்க வேண்டும். என்கே1 என்பது சப்ஸ்டன்ஸ் பி-யை ஏற்கும் ஏற்பி; பின்கொம்பு என்பது தண்டுவடத்தில் வலிச் செய்தி வந்து சேரும் பின்பகுதி. ஏற்பியின் பெயர் தெரிந்து செல் தெரியவில்லை என்றாலோ, செல் தெரிந்து ஏற்பி தெரியவில்லை என்றாலோ, அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பதே நல்லது. இந்த ஒரு கட்டுப்பாடே பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும் என்பது என் அனுபவம்.

வரவுப் பக்கம்

முதல் வரியில் பெப்டைடின் நீளத்தையும் அமினோ அமில வரிசையையும் எழுதுங்கள். சப்ஸ்டன்ஸ் பி 11 அமினோ அமிலங்கள் கொண்டது: ஆர்ஜினின், புரோலின், லைசின், புரோலின், குளுட்டமின், குளுட்டமின், பினைல்அலனின், பினைல்அலனின், கிளைசின், லியூசின், மெத்தியோனின். குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்த சாற்றில் இதன் செயலை உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் 1931-இல் கண்டார்கள். வரிசை தெரிய 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பெயரில் உள்ள ‘பி’ வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று பலர் நம்புகிறார்கள். அது ஆய்வுக்கூடத்தில் உலர்பொடியாக வைத்திருந்த தயாரிப்புக்கு இட்ட அடையாள எழுத்தே. பெயரிலிருந்து பணியை ஊகிக்கும் பழக்கத்தை விட்டுவிட இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வரியில் முன்புரதத்தை எழுத வேண்டும். நியூரோபெப்டைடுகள் நேரடியாகச் சிறு துண்டுகளாகப் பிறப்பதில்லை. ரைபோசோமில் நீண்ட புரதமாகப் பிறந்து, எண்டோபிளாச வலையையும் கோல்கை உறுப்பையும் கடந்து, நுண்பைகளுக்குள் வெட்டப்பட்டே தம் வடிவத்தைப் பெறுகின்றன. யூனிப்ராட் என்ற தரவுத்தளம் கட்டணமின்றி எவருக்கும் திறந்திருக்கிறது. அதில் மனிதனின் டிஏசி1 மரபணுவின் புரதத்தைத் தேடி எடுத்தால் 129 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசை கிடைக்கும். அதில் மேலே சொன்ன பதினொன்றையும் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். பிறகு அவற்றுக்கு அடுத்து நிற்கும் மூன்று எழுத்துகளைப் பாருங்கள்: கிளைசின், லைசின், ஆர்ஜினின். நேர்மின்னூட்டம் கொண்ட லைசின்–ஆர்ஜினின் இணைதான் வெட்டும் இடத்தின் அடையாளம். கன்வெர்டேஸ் நொதி அங்கே வெட்டுகிறது. கார்பாக்சிபெப்டிடேஸ் ஈ என்ற நொதி தொங்கி நிற்கும் ஆர்ஜினினையும் லைசினையும் உரித்தெடுக்கிறது. எஞ்சி நிற்கும் கிளைசினை இன்னொரு நொதி சிதைத்து, அதன் நைட்ரஜனை மட்டும் மெத்தியோனினின் முனையில் அமைடாக விட்டுவைக்கிறது. அந்த அமைடு முனை இல்லாத சப்ஸ்டன்ஸ் பி-யை ஏற்பி ஏறெடுத்தும் பார்ப்பது அரிது. முத்திரை இல்லாத உண்டியலை எந்தக் கடையும் ஏற்காது அல்லவா.

இந்தத் தேடலை மாணவர்கள் தம் கையால் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அதே முன்புரதத்தில் சற்றுத் தள்ளி நியூரோகினின் ஏ என்ற இன்னொரு பெப்டைடு இருக்கிறது. அதன் வாலிலும் கிளைசின்–லியூசின்–மெத்தியோனின் வருவதையும், அதையடுத்து அதே கிளைசின்–லைசின்–ஆர்ஜினின் நிற்பதையும் தாமே கண்டுபிடிக்கும்போது, டாக்கிகினின் குடும்பம் என்ற சொல்லுக்குப் பாடநூல் வரையறை தேவைப்படுவதில்லை.

மூன்றாம் வரி, வெளியீட்டைப் பற்றியது. குளுட்டமேட் போன்ற சிறு நரம்புக்கடத்திகள் ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுள்ள தெளிந்த பைகளில், நரம்பு முனையிலேயே மீண்டும் மீண்டும் நிரப்பப்படுகின்றன. நியூரோபெப்டைடுகளோ ஏறத்தாழ 100 நானோமீட்டர் விட்டமுள்ள அடர்மையப் பைகளில், செல் உடலிலிருந்து கிளம்பி ஆக்ஸான் வழியே வர வேண்டும். வேகமான ஆக்ஸான் போக்குவரத்து நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர். உணர்வு நரம்புகளின் செல் உடல்கள் இருக்கும், இடுப்புப் பகுதியின் முதுகுவேர் முடிச்சிலிருந்து கால் பெருவிரல் வரை 1 மீட்டர் என்று கொண்டால், அங்கே செலவான பெப்டைடுக்குப் பதில் சரக்கு வந்து சேர இரண்டரை நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். எனவே நரம்பு முனை இதைச் சிக்கனமாகவே செலவிடுகிறது. ஒற்றைத் துடிப்புக்குக் குளுட்டமேட் வெளியேறும். அடுத்தடுத்து விரைந்து வரும் துடிப்புகளால் முனையில் கால்சியம் பரவலாக உயரும்போதே அடர்மையப் பைகள் திறக்கும். வெளியேறிய பெப்டைடை உறிஞ்சித் திரும்ப எடுத்துக்கொள்ளும் பம்பு கிடையாது. அது மெல்லப் பரவி, நெப்ரிலைசின் போன்ற நொதிகள் அதைத் துண்டாக்கும்வரை அக்கம்பக்கத்துச் செல்களையும் எட்டுகிறது. இவ்வளவையும் இரண்டு மூன்று வரிகளில் வரவுப் பக்கத்தில் குறித்துவிட்டால் போதும்.

ஏற்பி என்னும் தலைப்பு

இனிச் சற்று நின்று நிதானமாகப் போக வேண்டும், ஏனெனில் இம்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நியூரோபெப்டைடு ஏற்பிகளில் மிகப் பெரும்பாலானவை, செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஜி-புரத இணைவு ஏற்பிகள். மனித மரபணுத்தொகுதியில் இவ்வகை ஏற்பிகள் ஏறத்தாழ 800 உள்ளன. இவற்றின் வடிவத்தையும் இயக்கத்தையும் வெளிப்படுத்தியதற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள்.

வாசோபிரெசின் என்ற 9 அமினோ அமிலப் பெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரில் ஒரே பக்கம் திறந்தால் குழப்பமே மிஞ்சும். ஏற்பியின் பெயரில் திறந்தால் உடனே இரண்டு பக்கங்கள் தேவைப்படும். ஒன்று “வி2 ஏற்பி, சிறுநீரகச் சேகரிப்புக் குழாயின் செல்”. அங்கே ஜிஎஸ் வகை ஜி-புரதம் தூண்டப்பட்டு, செல்லுக்குள் செய்தி சுமக்கும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி உயர்ந்து, அக்குவாபோரின்-2 என்ற நீர்வாய்க்கால்கள் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவரப்படுகின்றன. உடலுக்கு நீர் மிச்சமாகிறது. மற்றொன்று “வி1ஏ ஏற்பி, இரத்தக்குழாயின் மென்தசைச் செல்”. அங்கே ஜிகியூ வகை தூண்டப்பட்டு, கால்சியம் உயர்ந்து, தசை சுருங்குகிறது. வந்த பெப்டைடு ஒன்று. செலவான பொருள்கள் வெவ்வேறு. ஆக்ஸிடோசின் இதே வாசோபிரெசினிலிருந்து மூன்றாம், எட்டாம் இடங்களில் மட்டுமே வேறுபடுகிறது என்பதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். இரண்டு எழுத்து மாற்றத்தை ஏற்பிகள் எவ்வளவு உன்னிப்பாகப் படிக்கின்றன என்பது விளங்கும்.

இதைவிட வியப்பான பக்கம் சிஜிஆர்பி என்ற 37 அமினோ அமிலப் பெப்டைடுக்கு உரியது. அதன் ஏற்பி ஒற்றைப் புரதம் அன்று. சிஎல்ஆர் என்ற ஏழு சுருள் புரதத்துடன் ராம்ப்1 என்ற சிறு துணைப்புரதம் கைகோத்தால்தான் அது சிஜிஆர்பியை ஏற்கும். அதே சிஎல்ஆர், ராம்ப்2 உடன் சேர்ந்தால் அட்ரினோமெடுலின் என்ற வேறொரு பெப்டைடுக்கு உரிய ஏற்பியாக மாறிவிடும். ஒரே கடைக்குப் பங்காளி மாறினால் ஏற்கும் தாளும் மாறுகிறது. 1998-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சிஜிஆர்பி ஏற்பியைத் தடுக்கும் எரெனுமாப் என்ற எதிர்ப்பொருள் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஏற்பியின் பெயருக்குக் கீழே பிணைப்பு மாறிலியை எழுத வேண்டும். ஏற்பிகளில் பாதியை நிரப்பத் தேவையான செறிவே அந்த மாறிலி. நியூரோபெப்டைடுகளுக்கு அது பெரும்பாலும் நானோமோலார் அளவில் இருக்கும். விரைவு நரம்புக்கடத்திகளுக்கு மைக்ரோமோலார் அளவு தேவைப்படும். கணக்கு எளிது: பெப்டைடின் செறிவை, அச்செறிவையும் மாறிலியையும் கூட்டிய தொகையால் வகுத்தால் நிரம்பிய பங்கு கிடைக்கும். மாறிலி 1 நானோமோலார் என்றால், 1 நானோமோலார் பெப்டைடு 50 விழுக்காட்டு ஏற்பிகளை நிரப்பும். 9 நானோமோலார் 90 விழுக்காட்டை நிரப்பும். 99 விழுக்காட்டுக்கு 99 நானோமோலார் வேண்டும். பாதியிலிருந்து தொண்ணூறுக்கு ஒன்பது மடங்கு போதும். அங்கிருந்து எஞ்சிய ஒன்பது விழுக்காட்டுக்கு மேலும் பதினொரு மடங்கு வேண்டும். மருந்தின் அளவை இரட்டித்தால் பலனும் இரட்டிக்கும் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள்.

பற்றுப் பக்கம்

ஏற்பி பெப்டைடைப் பிடித்ததும் அதன் உட்புறம் சற்று விரிந்து, அங்கே காத்திருக்கும் ஜி-புரதத்தைத் தொடுகிறது. அந்தப் புரதம் தான் பிடித்திருந்த குவனோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு, அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலாக உள்ள குவனோசின் டிரைபாஸ்பேட்டை ஏற்கிறது. ஏற்றதும் ஆல்ஃபா, பீட்டா–காமா என்று இரண்டாகப் பிரிகிறது. இந்தப் புரதங்களைக் கண்டறிந்த மார்ட்டின் ராட்பெல்லும் ஆல்ஃபிரெட் கில்மனும் 1994-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பற்றுப் பக்கத்தில் முதலில் எழுத வேண்டியது, எந்த வகை ஜி-புரதம் என்பதே. ஜிஎஸ் என்றால் அடினைல் சைக்ளேஸ் தூண்டப்பட்டுச் சைக்ளிக் ஏஎம்பி கூடும். ஜிகியூ என்றால் பாஸ்போலைப்பேஸ் சி தூண்டப்பட்டு, சவ்வில் உள்ள பிப்2 என்ற கொழுப்பு இரண்டாக வெட்டப்படும்; ஒரு துண்டான ஐபி3 எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும்; சவ்விலேயே தங்கும் மறு துண்டான டைஅசைல்கிளிசரால், புரதக் கைனேஸ் சி-யைத் தூண்டும். ஓய்விலிருக்கும் செல்லுக்குள் கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார்தான். வெளியே அது பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இத்தனை வறண்ட களத்தில் சிறிது கால்சியம் கசிந்தாலும் செல் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது.

ஜிஐ வகைக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் மூளையில் அது செய்யும் வேலை மிகுதி. எண்டார்பின், என்கெஃபலின், நியூரோபெப்டைடு ஒய் ஆகியவற்றின் ஏற்பிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. என்கெஃபலின்களை 1975-இல் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள். ஜிஐ தூண்டப்பட்டால் சைக்ளிக் ஏஎம்பி குறையும் என்று எல்லாப் பாடநூல்களும் எழுதும். அதோடு நிறுத்திவிட்டால் பக்கம் அரைகுறையாகவே இருக்கும். பிரிந்து சென்ற பீட்டா–காமா துண்டு, ஜிர்க் என்ற பொட்டாசிய வாய்க்காலைத் திறக்கிறது. நரம்பு முனையிலோ, பெப்டைடையும் குளுட்டமேட்டையும் வெளியேற்றத் தேவையான கால்சிய வாய்க்காலை மூடுகிறது.

பொட்டாசிய வாய்க்கால் திறப்பதால் செல் ஏன் அடங்குகிறது என்பதைச் சொல்லால் விளக்குவதைவிட, ஓர் அயனியின் உள்-வெளிச் செறிவுகளிலிருந்து மின்னழுத்தத்தைத் தரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டால் கணக்கிடுவது மேல். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் காரைக்குடியில் இந்தச் சமன்பாட்டைக் கண்டு மாணவர்கள் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை. செல்லுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோலார், வெளியே 5 மில்லிமோலார் என்று கொண்டால், உடல் வெப்பநிலையில் அதன் சமநிலை மின்னழுத்தம் சுமார் மைனஸ் 89 மில்லிவோல்ட். ஓய்வில் மைனஸ் 65 அளவில் நிற்கும் சவ்வு, வாய்க்கால் திறந்ததும் மைனஸ் 89-ஐ நோக்கி இழுக்கப்படுகிறது. துடிப்பு எழ வேண்டிய வாசல் அந்த அளவுக்குத் தொலைவாகிறது. எண்டார்பினின் ஏற்பியையே பிடிக்கும் மார்ஃபின் வலியைத் தணிப்பதில் பெரும்பங்கு இந்த இழுப்புக்கும், நரம்பு முனையில் கால்சிய வாய்க்கால் மூடப்படுவதற்கும் உண்டு.

பக்கத்தில் எழுதிய ஜி-புரதம் சரியானதுதானா என்று எப்படிச் சோதிப்பது? ஆய்வுக்கூடங்களில் கக்குவான் இருமல் பாக்டீரியாவின் நச்சைச் செல்லுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அது ஜிஐ வகையை முடக்கும். நச்சு கொடுத்தபின் பெப்டைடின் விளைவு மறைந்தால் கணக்கு ஜிஐ-யைச் சேரும். மறையாவிட்டால் வேறு வகையைத் தேட வேண்டும். சைக்ளிக் ஏஎம்பி குறைவதை அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓய்வில் உள்ள செல்லில் அது முன்பே குறைவாகத்தான் இருக்கும். குறைவாக உள்ளது மேலும் குறைவதை அளக்க முடியாது. எனவே ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைக் கொடுத்து அடினைல் சைக்ளேஸை முதலில் தூண்டி, அளவை உயர்த்திவிட்டு, அதன்பின் பெப்டைடு அதை எவ்வளவு இறக்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஃபோர்ஸ்கோலின் சேலம் பக்கத்தில் பயிராகும் மருந்துக் கூர்க்கன் செடியின் வேரிலிருந்து கிடைப்பது. இந்திய ஆய்வுக்கூடங்களில்தான் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. உலகெங்கும் ஏற்பி ஆய்வுக்கூடங்களில் புழங்கும் ஒரு பொருள் நம் மண்ணில் விளைகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் மகிழ்ச்சியோடு சொல்லி வருகிறேன்.

கணக்கை முடிப்பது

வரவும் பற்றும் எழுதியபின், செய்தி எப்படி நின்றது என்ற வரியை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மூன்று இடங்களில் அது நிற்கிறது. வெளியே பெப்டைடை நொதி துண்டாக்குகிறது. உள்ளே ஆல்ஃபா துண்டு தான் பிடித்த டிரைபாஸ்பேட்டின் ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டு அடங்குகிறது. நடுவே ஏற்பியின் வாலில் ஜிஆர்கே கைனேஸ்கள் பாஸ்பேட் ஒட்டுகின்றன. அதைக் கண்டு அரெஸ்டின் என்ற புரதம் வந்து அமர்ந்து, ஜி-புரதத்துக்கு இடமில்லாமல் செய்து, ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துச்செல்கிறது. எலியின் பாதத்தில் வலி தூண்டப்பட்டால், தண்டுவடப் பின்கொம்பில் என்கே1 ஏற்பிகள் மேற்பரப்பைவிட்டு உள்ளே போவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம் என்று 1990-களில் காட்டினார்கள். ஏற்பி எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டே, அங்கே சப்ஸ்டன்ஸ் பி வந்துபோனதா என்று சொல்லிவிட முடிந்தது. உள்ளே இழுக்கப்பட்ட ஏற்பி அங்கிருந்தும் சிறிது நேரம் செய்தி அனுப்பக்கூடும் என்பதால், இந்த வரியை “நின்றது” என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடாதீர்கள்.

ஒரு முழுப் பக்கம்: வற்றல் இடித்த கை

எங்கள் வீட்டில் அப்பத்தா இருந்தவரை, ஆண்டுக்கொரு முறை முற்றத்தில் மிளகாய் வற்றலைக் காயவைத்து, காம்பு கிள்ளி, இடித்துச் சலிப்பார்கள். அன்று மாலை கிள்ளியவர்களின் விரல்கள் சிவந்து காந்தும். தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் காந்தல் தணியாது. நல்லெண்ணெய் தடவிய பின்பே சற்று அடங்கும். அந்தக் கையைப் பேரேட்டில் எழுதிப் பழகலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. மிளகாயின் கேப்சைசின் நியூரோபெப்டைடு அன்று. அது தொடும் டிஆர்பிவி1, பெப்டைடு ஏற்பியும் அன்று. அது ஓர் அயனி வாய்க்கால். ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் திறக்கும். டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 1997-இல் இதைக் கண்டறிந்தது. 2021-இல் அவருக்கு ஆர்டெம் படபூட்டியனோடு சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் கொழுப்பில் கரைவது. அதனால்தான் தண்ணீர் தோற்ற இடத்தில் எண்ணெய் வென்றது. இவற்றையெல்லாம் தனிப் பக்கத்தில் எழுதிவிட்டு, பெப்டைடுகளின் பக்கங்களுக்கு வாருங்கள்.

டிஆர்பிவி1 திறந்ததும் நரம்பு முனைக்குள் கால்சியம் பாய்கிறது. துடிப்பு தண்டுவடத்துக்குப் போகிறது. கூடவே, விரலிலேயே உள்ள அந்த முனை தன் அடர்மையப் பைகளைத் திறந்து சிஜிஆர்பியையும் சப்ஸ்டன்ஸ் பி-யையும் தோலுக்குள் விடுகிறது. உணர்வு நரம்பு உள்ளே செய்தி அனுப்புவதற்கு மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அது இருபுறமும் திறக்கும் வாசல். இப்போது நான்கு பக்கங்கள் தேவை. “சிஎல்ஆர்–ராம்ப்1, தோலின் சிறு தமனித் தசை”: ஜிஎஸ், சைக்ளிக் ஏஎம்பி உயர்வு, தசைத் தளர்ச்சி, குழாய் விரிதல், சிவப்பும் சூடும். “என்கே1, நுண்சிரைகளின் உட்சுவர்ச் செல்”: ஜிகியூ, கால்சியம், செல்களுக்கிடையே இடைவெளி, பிளாஸ்மா கசிவு, வீக்கம். “எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2, மாஸ்ட் செல்”: அதே சப்ஸ்டன்ஸ் பி, ஆனால் முற்றிலும் வேறோர் ஏற்பி, தோலில் உள்ள ஒரு நோயெதிர்ப்புச் செல், விளைவு ஹிஸ்டமின் வெளியேற்றம். “என்கே1, தண்டுவடப் பின்கொம்பு நரம்புச் செல்”: ஜிகியூ, மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும் தூண்டல், குளுட்டமேட்டின் அடுத்தடுத்த செய்திகளுக்கு அந்தச் செல் முன்னைவிட எளிதாக இசைதல். சப்ஸ்டன்ஸ் பி என்ற ஒரே பெயர் இங்கே மூன்று பக்கங்களில் வருகிறது. ஒவ்வொன்றிலும் செலவு வேறு.

மிளகாயின்றியும் இதன் ஒரு பகுதியைக் காணலாம். சாவியின் மழுங்கிய முனையால் முன்கையின் உட்புறத்தில் ஒரு கோட்டைச் சற்று அழுத்தி இழுத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் கோடு சிவக்கும். பிறகு கோட்டுக்கு இருபுறமும் சிவப்பு பரவும். சில நிமிடங்களில் சிலருக்குக் கோடு தடித்தும் எழும். இதை 1920-களில் தாமஸ் லூயிஸ் விரிவாக ஆராய்ந்தார். இரண்டாவதாகப் பரவும் சிவப்பு, நரம்பு முனைகளின் கிளைகள் வழியே பரவுவது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. மறுகையின் புறங்கையை அருகே வைத்துச் சூட்டை உணர்ந்து பாருங்கள். தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மிளகாயைத் தோலில் தேய்த்துப் பார்க்கும் சோதனையை எவரும் செய்ய வேண்டாம்.

இந்தப் பக்கங்களை எழுதி முடித்த மாணவி ஒருவர், என்கே1 ஏற்பியை அடைத்தால் வலி நின்றுவிடும் அல்லவா என்று கேட்டார். மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் நம்பின. விலங்குகளில் நம்பிக்கை அளித்த என்கே1 தடுப்பான்கள், மனிதரின் வலியில் பலன் தரவில்லை. பின்கொம்பின் பக்கத்தை மீண்டும் பார்த்தால், வலியின் விரைவுச் செய்தியைக் குளுட்டமேட் சுமப்பதும், சப்ஸ்டன்ஸ் பி அதன் மேல் ஏறும் தூண்டலாக மட்டுமே இருப்பதும் தெரியும். ஆனால் அதே மருந்துவகையை இன்னொரு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. “என்கே1, மூளைத்தண்டின் வாந்தி வட்டாரத்து நரம்புச் செல்” என்ற தலைப்பில் திறந்த கணக்கு அது. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுக்க அப்ரெபிடன்ட் 2003-இல் ஒப்புதல் பெற்றது. அதே குடும்பத்தின் என்கே3 ஏற்பியை ஹைபோதாலமசில் தடுக்கும் ஃபெசோலினெடன்ட், மாதவிடாய் நின்ற பின் வரும் உடற்கொதிப்புக்கு 2023-இல் வந்தது. “வலியின் வேதிப்பொருள்” என்று தலைப்பிட்டிருந்தால் இவ்விரு பக்கங்களும் திறந்திருக்கவே மாட்டா.

பழகுவதற்கு

அடுத்த பக்கத்தை உதவியின்றி எழுதிப் பாருங்கள். தலைப்பு: “ஆக்ஸிடோசின் ஏற்பி, பேறுகாலக் கருப்பையின் தசைச் செல்”. வரவில் ஒன்பது அமினோ அமிலங்களையும், 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதைச் செயற்கையாக உருவாக்கியதையும் குறியுங்கள். பற்றில் ஜிகியூ-வில் தொடங்கித் தசைச் சுருக்கத்தில் முடியுங்கள். பிறகு வலப்பக்கத்தில் ஜிகியூ-வை அடித்துவிட்டு ஜிஐ என்று எழுதி, அதற்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியையும் திருத்துங்கள். எந்த வரி மாறுகிறது, எந்த வரி மாறாமல் நிற்கிறது என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரெக்சினுக்குத் திறக்கலாம். அதற்கு இரண்டு ஏற்பிகள் இருப்பதால், முதலிலேயே இரண்டு தாள்களை ஒதுக்கி வையுங்கள்.